பணிமனையா, வெளிவேலையா, சொந்தத் தொழிலா? அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான வேலை ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் 18 வயதோடு அனுப்பிவிடும். சில இடங்களில் 21, 22 வரை நீட்டிப்பார்கள். அதுவரை பேச்சுப் பயிற்சி, கைவேலை, எழுத்து என்று வாரம் முழுக்க ஏதாவது இருந்த வீட்டில், திடீரென்று ஒரு திங்கட்கிழமை காலை போக இடமே இருக்காது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் என எதுவாக இருந்தாலும் பெற்றோர் அப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இவனால என்ன வேலை செய்ய முடியும்?"

இதற்குப் பதில் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் அந்தப் பதிலை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. துணி மடிக்கத் தெரிந்த ஒருவர் பணிமனையில் உட்கார்ந்தும் மடிக்கலாம், மருத்துவமனையின் சலவைப் பிரிவிலும் மடிக்கலாம், வீட்டிலேயே சலவைத் தொழில் வைத்தும் மடிக்கலாம். மடிப்பது என்னவோ ஒன்றுதான். சம்பளம், பக்கத்தில் இருக்கும் மனிதர்கள், கோளாறான நாளில் ஓடிவரும் ஆள், ஐந்து வருடம் கழித்து அவர் எங்கே இருப்பார் என்பது, இதெல்லாம் மூன்று இடத்திலும் வேறு வேறு. அதனால் இங்கே வேலைகளை விட்டுவிட்டு, வேலை தரும் ஏற்பாடுகளை ஒப்பிடுகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குறைபாடுள்ளவர்கள் வேலையிடத்தில் பழகும்வரை கூடவே இருந்து கற்றுக்கொடுக்கும் ஜாப் கோச்சாக வேலை பார்ப்பவன் நான். எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் மூன்று விஷயம் கேட்பேன். சம்பளத்தை யார் தருகிறார்கள்? கூட இருக்கும் உதவி எப்போது குறையும், குறைந்த பிறகு யார்? இது சரிப்படவில்லை என்றால் அங்கிருந்து வேறு எங்கே போக முடியும்? மூன்றாவது கேள்வியைத்தான் குடும்பங்கள் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

பணிமனை: உள்ளே போவது சுலபம்

பாதுகாக்கப்பட்ட பணிமனை என்பது பல நாடுகளில் இருக்கும் பழைய ஏற்பாடு. ஒரு கட்டடம், உள்ளே வேலை செய்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் குறைபாடு உள்ளவர்கள், மேற்பார்வைக்குச் சில ஊழியர்கள். உறை ஒட்டுவது, மெழுகுவத்தி வார்ப்பது, திருகாணிகளை எண்ணிப் பொட்டலம் கட்டுவது மாதிரியான வேலைகள் வெளியிலிருந்து ஒப்பந்தமாக வரும்.

இதை மட்டமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தினமும் அதே நாற்காலி, அதே முகங்கள், கேலி செய்ய ஆள் கிடையாது. வலிப்பு வந்தால் என்ன செய்வதென்று தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அம்மா வேலைக்குப் போய்வர முடிகிறது. பணிமனைக்குப் போகிறவருக்கென்று ஒரு நண்பர் கூட்டம் உருவாகிறது, அது வெளிவேலையில், அதாவது சாதாரண நிறுவனத்தில், அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. இந்த நிம்மதியை ஒன்றுமில்லாததாகத் தள்ள முடியாது.

பிரச்சினை சம்பளத்தில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் 1938இல் வந்த தொழிலாளர் சட்டத்தின் 14(சி) பிரிவு, குறைபாடுள்ள தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே சம்பளம் தர அனுமதி கொடுத்தது. கணக்கு இப்படி: குறைபாடு இல்லாத ஒருவர் அதே வேலையை எவ்வளவு வேகத்தில் செய்கிறார் என்று கடிகாரம் வைத்து அளப்பார்கள், இவர் அதில் பாதி செய்தால் பாதிக் கூலி, கால்வாசி செய்தால் கால். அதற்குக் கீழே போகக்கூடாது என்று ஓர் எல்லையே கிடையாது. அங்கே பல மாநிலங்கள் இதைப் பிறகு தடை செய்துவிட்டன. ஜெர்மனியில் சுமார் 3 லட்சம் பேர் இத்தகைய பணிமனைகளில் இருக்கிறார்கள். அவர்கள் சட்டப்படி வழக்கமான தொழிலாளர்கள் அல்ல என்பதால் குறைந்தபட்சக் கூலி அவர்களுக்குப் பொருந்தாது.

அதைவிடப் பெரிய சிக்கல், வெளியே வரும் வழி. பணிமனையை நடத்துபவர்கள் "இது ஒரு படிக்கட்டு, இங்கே பழகிவிட்டு வெளியே போகலாம்" என்றுதான் சொல்வார்கள், மனதார நம்பியும் சொல்வார்கள். ஆனால் ஜெர்மனியில் பணிமனையிலிருந்து பொது வேலைச் சந்தைக்குப் போகிறவர்கள் ஆண்டுக்கு 1 சதவீதம்கூட இல்லை. காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. வேகமாகவும் சுத்தமாகவும் வேலை செய்யும் நாலு பேரை நம்பித்தான் பணிமனை ஆர்டரை முடிக்கிறது. வெளியே அனுப்பத் தகுந்தவர்களும் அதே நாலு பேர்தான். மாதக் கடைசியில் ஆர்டர் நெருக்கும்போது எந்த மேற்பார்வையாளருக்கு அவர்களை விட மனம் வரும்? இன்னொன்று, பணிமனை மேசையில் கற்றது அந்த மேசையோடு நின்றுவிடும். புது இடத்தின் சத்தம், புது முதலாளி, புதுப் பேருந்து எதுவும் அங்கே பழக்கத்துக்கு வருவதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. அதன் 27ஆவது பிரிவு, எல்லோருக்கும் திறந்திருக்கும் வேலைச் சந்தையில் உழைத்து வாழும் உரிமையைப் பேசுகிறது. 2022இல் ஐ.நா. குழு அந்தப் பிரிவுக்கு விளக்கம் வெளியிட்டபோது, பணிமனை போன்ற தனித்துப் பிரித்த வேலை ஏற்பாடுகளை நாடுகள் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்றே சொல்லிவிட்டது.

கைவிடுவதிலும் விதம் இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2002இல் தன் கடைசிப் பணிமனையை மூடியது. அதற்கு முன்பே பல ஆண்டுகளாக வெளிவேலைக்கு ஆள் சேர்த்து, கோச்சுகளைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் தொடங்கிய ரெம்ப்ளாய் என்ற அரசுத் தொழிற்சாலைகள் 2012, 2013இல் மூடப்பட்டபோது, அங்கே வேலை பார்த்தவர்களே மூடாதே என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு அந்த இடம் சிறையாகத் தோன்றவில்லை. அது வேலை, அது சம்பளம், அது நட்பு. மாற்று ஏற்பாடு கையில் இல்லாமல் பணிமனையை மட்டும் குறை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவது இதனால்தான்.

பணிமனையைப் பார்க்கப் போகும்போது சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கடந்த மூன்று வருடத்தில் இங்கிருந்து வெளிவேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆர்டர் வராத வாரத்தில் என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒட்டிய உறையைப் பிரித்துத் திரும்ப ஒட்ட வைக்கிறார்கள் என்றால் அது வேலையே அல்ல, பொழுதுபோக்கு. அதற்கு வேறு நல்ல இடங்கள் இருக்கின்றன.

வெளிவேலை, கூடவே ஓர் ஆள்

ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு என்று இதற்குப் பெயர். சாதாரண நிறுவனத்தில், சாதாரணச் சம்பளத்துக்கு, மற்றவர்களோடு சேர்ந்து வேலை; ஆரம்பத்தில் ஒரு ஜாப் கோச் கூடவே இருப்பார். 1980களில் அமெரிக்காவில் இது சட்டத்திலும் நிதி ஒதுக்கீட்டிலும் இடம்பிடித்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. பழைய முறையைத் தலைகீழாக்கியதுதான் இதன் அடிப்படை. பயிற்சி முடித்துத் தயாரான பிறகு வேலை என்று காத்திருக்காமல், முதலில் வேலையில் சேர்த்துவிட்டு அந்த இடத்திலேயே பழக்குவது. "இன்னும் தயாராகவில்லை" என்ற வார்த்தையிலேயே முப்பது வயதைக் கடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வரிசை மாற்றம் எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் மார்க் கோல்ட். கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களால் எதுவும் கற்க முடியாது என்று நம்பப்பட்ட காலத்தில், சைக்கிள் பிரேக்கின் பல உதிரி பாகங்களைச் சரியான வரிசையில் பொருத்த அவர்களுக்கே கற்றுக்கொடுத்துக் காட்டினார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது, ஒரு வழியில் புரியவில்லை என்றால் வேறு வழியில் காட்டுவது, இவ்வளவுதான் அவர் முறை. கற்கவில்லை என்றால் கற்பித்த விதத்தில்தான் கோளாறு என்பது அவர் நிலைப்பாடு.

சலவைப் பிரிவில் துண்டு மடிக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். கூடையிலிருந்து ஒரு துண்டை எடு, இரு பக்கமும் பார், கறை இருந்தால் சிவப்புக் கூடையில் போடு, இல்லையென்றால் மேசையில் விரி, ஓரங்களைச் சேர்த்து மடி, இன்னொரு முறை மடி, அடுக்கில் வை. ஒருவர் மடிப்பதை அரை நாளில் பிடித்துக்கொண்டார். கறை பார்க்கும் படியில் வந்து நின்றுவிட்டார். ஓரத்தில் நீலக் கோடு போட்ட நல்ல துண்டுகள் எல்லாம் சிவப்புக் கூடைக்குப் போயின. அவர் கண்ணுக்கு வெள்ளையில் வேறு நிறம் இருந்தால் அது கறை. "கறை என்றால் அழுக்கு" என்று எத்தனை முறை சொல்லியும் பலனில்லை. கறை படிந்த நிஜத் துண்டுகளிலிருந்து ஐந்து சதுரங்களை வெட்டி ஓர் அட்டையில் ஒட்டி, கீழே நீலக் கோடு உள்ள சதுரம் ஒன்றை ஒட்டி அதன் பக்கத்தில் பச்சை டிக் போட்டு மேசைக்கு மேல் மாட்டினோம். அதன் பிறகு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சொல்லாமல் இருப்பதுதான் இந்த வேலையில் பெரிய கலை. கோச் வாயால் "அடுத்தது எடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தக் குரலும் வேலையின் ஒரு படியாகிவிடும். குரல் வரும்வரை கை நகராது. கைகாட்டுவது, அட்டையை லேசாகத் தட்டுவது, சும்மா நிற்பது என்று குறைத்துக்கொண்டே போக வேண்டும். நிற்கும் இடமும் நகர வேண்டும்: முதலில் பக்கத்தில், பிறகு பின்னால், பிறகு இயந்திரத்துக்கு அந்தப் பக்கம், பிறகு வாரம் ஒருமுறை மட்டும். அதற்குள் கோச்சின் இடத்தில் அங்கேயே வேலை பார்க்கும் யாரோ ஒருவர் வந்திருக்க வேண்டும். நல்ல கோச் முதல் நாளே துண்டைவிட அதிகமாகக் கவனிப்பது இதைத்தான்: இந்தப் பிரிவில் பொறுமைசாலி யார்?

பலவீனங்கள் இல்லாமல் இல்லை. கோச்சுக்கு நிதி தரும் திட்டங்கள் குறிப்பிட்ட மாதங்களோடு நின்றுவிடும். தேவை அந்தக் கெடுவைப் பார்த்து நிற்காது. கிடைப்பது பெரும்பாலும் பகுதி நேர வேலை. தனிமையும் உண்டு, இருபது பேர் நடுவில் ஒருவராக இருந்தும் மதிய உணவைத் தனியாகச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

வேலை பறிபோவதும் பெரும்பாலும் வேலையால் அல்ல. இடைவேளை எப்போது முடிகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது, மேலதிகாரியிடம் ஒரே கேள்வியைத் தினமும் கேட்பது, யாரோ விளையாட்டாகச் சொன்னதை நிஜமாக எடுத்துக்கொள்வது, இப்படித்தான் கசப்பு ஆரம்பிக்கும். எல்லாவற்றிலும் ஆபத்தான நாள் மேற்பார்வையாளர் மாறும் நாள். பழையவருக்குத் தெரிந்தது எதுவும் புதியவருக்குத் தெரியாது. பெற்றோர் கோச்சிடம் கேட்க வேண்டியது: "மேலாளர் மாறினால் திரும்ப வருவீர்களா?" வருவோம் என்று எழுத்தில் தரும் அமைப்பை நம்பலாம்.

இதே ஏற்பாட்டில் குழுவாக அனுப்புவதும் உண்டு. ஐந்தாறு பேர், ஒரு மேற்பார்வையாளர், ஒரு வண்டி. தோட்டம் பராமரிக்கவோ அலுவலகம் சுத்தம் செய்யவோ போவார்கள். வெளியே போகிறார்கள், ஆனால் ஒரு கூட்டமாகவே பார்க்கப்படுகிறார்கள். பணிமனையைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான்.

வேலையைச் செதுக்குவது

சிலருக்கு எந்த வேலை விளம்பரமும் பொருந்தாது. வாசிக்கத் தெரியாது, ஒரு கை மட்டும் இயங்கும், பேச்சு இல்லை. ஆனால் காகிதத்தை ஒழுங்காக அடுக்குவதில் மணிக்கணக்காக ஆர்வம் இருக்கும். இவர்களுக்குக் காலியிடத்தைத் தேடி அலைவது வீண். வேலையையே புதிதாக வடிவமைக்க வேண்டும்.

அதற்கு முதல் கட்டம் அவரைக் கூர்ந்து கவனிப்பது. பரிசோதனை அறையில் வைத்து மதிப்பெண் போடுவதைச் சொல்லவில்லை. வீட்டிலும் தெருவிலும் தெரிந்தவர்களோடும் சில வாரங்கள் கூட இருந்து, எந்த நேரத்தில் உற்சாகமாக இருக்கிறார், எந்தச் சத்தம் ஆகாது, யாரும் சொல்லாமலே என்ன செய்கிறார் என்று குறித்துக்கொள்வது. இரண்டாவது கட்டம் ஒரு நிறுவனத்துக்குள் போய், அங்கே யாருடைய நேரம் எதில் வீணாகிறது என்று பார்ப்பது. கணக்குப் பிரிவில் மூன்று பேர் தினமும் ஆளுக்கு ஒரு மணி நேரம் பழைய ரசீதுகளை ஸ்கேன் செய்துகொண்டிருப்பார்கள், மூன்று பேருக்கும் அது பிடிக்காது. அந்த மூன்று மணி நேரத்தைச் செதுக்கி எடுத்தால் ஒருவருக்கு ஒரு பகுதி நேர வேலை. நிறுவனம் தர்மத்துக்குச் செய்யவில்லை, அதற்கும் லாபம்.

அமெரிக்காவில் 2014இல் வந்த தொழிலாளர் மேம்பாட்டுச் சட்டம் இந்த முறையை வரையறுத்து ஏற்றுக்கொண்டது. அதிக உதவி தேவைப்படுபவர்களுக்கு என்னைக் கேட்டால் இதுதான் சிறந்தது. ஆனால் நேரம் பிடிக்கும், பழகிய ஆள் வேண்டும், கிடைக்கும் வேலை அந்த ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும். அங்கே ரசீதெல்லாம் கணினிக்கு மாறிவிட்டால் திரும்ப முதலிலிருந்து செதுக்க வேண்டியதுதான்.

பள்ளியின் கடைசி வருடத்தை வேலையிடத்தில் கழிப்பது

1996இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவின் இயக்குநராக இருந்தவர் எரின் ரீலி. அவர் பிரிவில் பொருட்களை அலமாரிகளில் நிரப்பி வைக்கும் வேலைக்கு வருபவர்கள் நிலைப்பதே இல்லை. வேலையோ ஒழுங்கும் கவனமும் கேட்பது, தினமும் ஒரே மாதிரி வருவது. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை, அவர்கள் வளர்ந்த பிறகு வேலை தரக்கூடாதா என்று யோசித்தார். சிறப்புக் கல்வித் துறையில் இருந்த சூசி ருட்கோவ்ஸ்கியோடு சேர்ந்து தொடங்கியது ப்ராஜெக்ட் சர்ச் (Project SEARCH) என்ற திட்டம். இன்று பல நாடுகளில் இருக்கிறது.

முறை இதுதான். பள்ளியின் கடைசி ஆண்டு முழுக்க மாணவர்கள் ஒரு பெரிய நிறுவனத்துக்குத் தினமும் போவார்கள். வகுப்பறையும் ஆசிரியரும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே. ஆண்டில் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறி உள்ளிருப்புப் பயிற்சி. குறிக்கோள் வாரம் 16 மணி நேரமாவது வழக்கமான சம்பளத்தில் நிரந்தர வேலை.

ஆட்டிசம் உள்ள இளைஞர்களிடம் இதைச் சோதித்து வர்ஜீனியாவில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. திட்டத்தில் சேர்ந்த 24 பேரில் 21 பேருக்கு வேலை கிடைத்தது. வழக்கமான பள்ளிப் பாதையில் போன 16 பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. எண்ணிக்கை சின்னது, கூடுதல் ஆட்டிச ஆதரவும் சேர்த்துத் தரப்பட்டது, இதையெல்லாம் மனதில் வைத்தாலும் வித்தியாசம் சாதாரணமானதல்ல. என் கணிப்பில் இதற்குக் காரணம் மூன்று பிரிவுகளில் மாறுவது. எது பிடிக்கவில்லை என்பதை ஒருவர் வேலையை இழக்காமலே கண்டுபிடித்துக்கொள்ள முடிகிறது. உங்கள் பிள்ளைக்கு 17 வயதுதான் ஆகிறது, இப்படி ஒரு திட்டம் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால், மீதிக் கட்டுரையைப் படிப்பதைவிட அங்கே விண்ணப்பிப்பது உருப்படியான காரியம்.

உள்ளிருப்புப் பயிற்சி என்ற பெயரில் முடிவே இல்லாமல் சம்பளமில்லாத வேலை வாங்குவதும் நடக்கிறது. முடியும் தேதி எழுதப்படாத எந்தப் பயிற்சியிலும் சேர்க்க வேண்டாம்.

சிலருக்கு மட்டும் பொருந்துபவை

ஆட்டிசம் உள்ளவர்களையே தேடி எடுக்கும் நிறுவனங்கள் செய்தியில் அடிக்கடி வரும். டென்மார்க்கில் தோர்கில் சோன், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004இல் ஸ்பெஷலிஸ்டர்ன் நிறுவனத்தைத் தொடங்கினார். மென்பொருள் சோதனை போன்ற வேலைகள். 2013இல் ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி இதே வழியில் ஒரு திட்டத்தை அறிவித்தது. நல்ல முயற்சிகள், ஆனால் கணினியில் தேர்ச்சியுள்ள ஒரு சிறு பிரிவினருக்கானவை. ஆட்டிசம் என்றாலே கணினி மேதை என்று உறவினர்கள் சொல்லத் தொடங்குவதுதான் இந்தச் செய்திகளின் பக்கவிளைவு.

சமூகக் கூட்டுறவுகள் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டியவை. இத்தாலியின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென்றே ஒரு வகைக் கூட்டுறவை ஏற்படுத்தியது: தொழிலாளர்களில் குறைந்தது 30 சதவீதம் பேர் வேலை கிடைக்கச் சிரமப்படும் பிரிவினராக இருக்க வேண்டும். மீதிப் பேர் மற்றவர்கள் என்பதால் பணிமனையின் தனிமை இதில் இல்லை, தோழமையும் கிடைக்கிறது. ஆனால் சந்தையில் போட்டியிட்டுத்தான் பிழைக்க வேண்டும். வியாபாரம் படுத்தால் வேலையும் படுத்துவிடும்.

சட்டப்படி ஒதுக்கப்பட்ட இடங்கள் பல நாடுகளில் உண்டு. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட சில பிரிவுகளுக்குச் சேர்த்து வைத்திருக்கிறது. எழுத்துத் தேர்வு என்ற வாசலைத் தாண்டக்கூடியவர்களுக்கு இது பொன்னான வாய்ப்பு. தாண்ட முடியாதவர்களை வருடக்கணக்கில் தேர்வுக்குத் தயார்செய்து வீட்டில் வைத்திருப்பது சரியல்ல.

சொந்தத் தொழில்: யார் கையால்?

வெளியே எதுவும் அமையாதபோது குடும்பங்கள் கடைசியாக வந்து சேரும் இடம் இது. சில குடும்பங்கள் முதலிலேயே வந்துவிடும். நகல் எடுக்கும் கடை, நாற்றங்கால், வாழ்த்து அட்டை, வீட்டுத் தயாரிப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். நேரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம், கோபம் வரும் நாளில் மேலாளர் யாரும் அனுப்பிவிட மாட்டார். மிக அதிக உதவி தேவைப்படுபவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

இதில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. நாள் முழுக்க அந்தத் தொழிலில் நடப்பதை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் யார் செய்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். பத்தில் எட்டு வரிக்கு எதிரே அம்மா பெயர் இருந்தால், அது அம்மாவின் தொழில். மகன் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகும் நாளில் தொழிலும் நின்றுவிடும், மகனுக்கு வெளி உலகப் பழக்கமும் இருக்காது. அவர் கையால் முழுசாக முடிக்கும் வேலை ஒன்றிரண்டாவது இருந்து, மீதிக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வருமானம் தாங்கும் என்றால் தைரியமாக இறங்கலாம். அவர் பங்கு லாபம் அவர் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். வீட்டுச் செலவில் கலந்துவிட்டால் அவர் சம்பாதித்தாரா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது.

நான் எப்படி முடிவெடுப்பேன்

வெளிவேலையை முதலில் முயன்று பார்ப்பேன், வாரம் ஆறு மணி நேரமாக இருந்தாலும். வெளிவேலை சரிவரவில்லை என்றால் பணிமனைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். பணிமனையில் பத்து வருடம் இருந்தவரை வெளிவேலைக்குக் கொண்டுவருவது அவ்வளவு லேசில்லை. ஆனால் உடல்நிலை அடிக்கடி மோசமாகிறவர், அறிமுகமில்லாத இடத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் பதறுபவர், அங்கே உள்ள நண்பர்களை விட்டு வரமாட்டேன் என்று தெளிவாகச் சொல்பவர், இவர்கள் விஷயத்தில் நல்ல பணிமனையை நான் எதிர்க்க மாட்டேன். வாரத்தில் மூன்று நாள் வெளிவேலை, இரண்டு நாள் பணிமனை என்று கலந்து வைப்பதும் பலருக்கு ஒத்துவருகிறது. இரண்டில் ஒன்றுதான் என்று யாராவது நிபந்தனை போட்டால் அந்த நிபந்தனை யாருடைய வசதிக்கு என்று பாருங்கள்.

ஜெர்மனியிலேயே 2018 முதல், பணிமனைக்குத் தகுதியுள்ள ஒருவரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்குச் சம்பளத்தில் 75 சதவீதம் வரை அரசு ஈடுகட்டும் வழி வந்திருக்கிறது. பணிமனைக்குப் போகும் பணமே ஆளோடு சேர்ந்து வெளியே போக முடியும் என்பதுதான் அதில் விஷயம். உங்கள் இடத்தில் அப்படி ஏதாவது உண்டா என்று விசாரியுங்கள். அதோடு, சம்பளம் வந்தால் உதவித்தொகை குறையுமா, நிற்குமா, வேலை போனால் திரும்பக் கிடைக்குமா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தப் பயத்தினாலேயே நல்ல வேலையை மறுத்த குடும்பங்கள் உண்டு.

போக்குவரத்தை அற்பமாக நினைக்காதீர்கள். வேலையைக் கற்ற பிறகும் போய்வர ஆளில்லாமல் விட்டவர்கள் நிறையப் பேர். இரண்டு இடங்களுக்கு நடுவில் குழப்பம் என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அவர் தானாகப் போய்வரக்கூடிய இடத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

சம்பந்தப்பட்டவரின் விருப்பம் எங்கே? "உனக்கு என்ன வேலை வேண்டும்?" என்று கேட்டால் பலர் கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள், கடைசியாகச் சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொல்பவர்களும் உண்டு. பார்க்காத வேலையைப் பற்றி யாருக்குத்தான் கருத்து இருக்கும்? இரண்டு மூன்று இடங்களில் சில நாட்கள் நிஜமாகச் செய்யவிட்டுப் பாருங்கள். பேச்சில்லாதவரும் பதில் சொல்வார்: காலையில் செருப்பைத் தானே எடுத்து மாட்டுகிறாரா, அந்தத் தெருத் திருப்பம் வந்ததும் நின்றுவிடுகிறாரா என்பதில் தெரிந்துவிடும். வந்த பதில் நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அதை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சேரும் நாளில் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி நிறுவனத்திடம் கொடுங்கள். நோயின் பெயரும் மருத்துவ அறிக்கையும் அதில் வேண்டாம். எப்படிச் சொன்னால் புரியும், எதைக் கண்டால் பதறுவார், பதறினால் என்ன செய்தால் அடங்கும், யாரைக் கூப்பிட வேண்டும், இவ்வளவு போதும். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், அது அவரைப் பற்றிய தாள். ஒரு பிரதி மேற்பார்வையாளரிடம், ஒரு பிரதி கோச்சிடம், ஒன்று வீட்டில். மேற்பார்வையாளர் மாறுகிறார் என்று கேள்விப்பட்ட அன்றே கோச்சுக்குப் போன் செய்யுங்கள். புதியவர் வரும் முதல் வாரத்தில் கோச் அரை நாளாவது அங்கே வந்து, அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவரோடு பேச வேண்டும்.